ஒரு நிமிடம் நின்று ஊதிப் போகவும்

வேங்கைப்பட்டி ஜங்ஷன் ரயில்வே காலனியில், நாலாம் தெருவில், டிரைவர் சூசைமாணிக்கம் மலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, பால்காரர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் வீட்டு வாசலில் ஒரு சிக்னல் முளைத்திருந்தது. நட்டது அல்ல, முளைத்தது. நட்டிருந்தால் குழி தோண்டின மண் கிடந்திருக்கும், சிமெண்ட் சிந்தியிருக்கும், நாலு பேர் குடித்துப் போட்ட பீடித் துண்டாவது கிடந்திருக்கும். இதுவோ முந்தின நாள் பெருக்கின வாசலில் மண்ணை லேசாகப் பிளந்துகொண்டு, அடியில் விரல் கனத்துக்கு வேர் தெரிய, ஏணியோடும் விளக்கோடும் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. விளக்கு சிவப்பாக எரிந்தது.

சூசைமாணிக்கத்தின் மனைவி நவமணி வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள், அண்ணாந்து பார்த்தாள். "வந்துட்டியா?" என்றாள். வாளித் தண்ணீரில் பாதியை அதன் வேரில் ஊற்றிவிட்டு மீதியை வாசலுக்குத் தெளித்தாள். அவளுக்கு அது எதிர்பார்த்த விருந்தாளி. எப்படி என்று கேட்டால் முன்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், இந்தக் கதையில் அவசரப்பட்டு யாரும் எங்கேயும் போகவில்லை.

சூசைமாணிக்கம் கூட்ஸ் வண்டி டிரைவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிள்ளை இல்லாத வீடு, ஒருத்தருக்கு ஒருத்தர்தான். வேங்கைப்பட்டிக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு, ரூல் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத வழக்கம். டியூட்டி முடிந்து வண்டியோடு வருகிற டிரைவர், காலனிக்குத் தெற்கே அந்த வளைவில் திரும்பும்போது, தன் வீட்டுக்கென்று ஒரு ஊதல் ஊதுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு தினுசு. அது கேட்டதும் அந்த வீட்டில் உலை ஏறும். வண்டியை யார்டில் விட்டு, இன்ஜினை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் வீடு வந்து சேர்வதற்கும் சோற்றை வடித்து இறக்குவதற்கும் சரியாக இருக்கும். சூசைமாணிக்கத்தின் ஊதல் ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த நெட்டையின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு வரும். அந்த இழுப்பு தனக்கு மட்டும் என்று நவமணி கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள், அவரும் மறுத்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதப் பிற்பகல், தூறல் போட்டுக்கொண்டிருந்தது, நிலக்கரி ஏற்றின வண்டி. ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தெற்கே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நின்றார். வண்டியைப் பார்த்ததும் குடையை மடக்கினார், நனைந்த குடையை உதறினார், ஜல்லியின் மேல் ஓரமாகப் படுக்கவைத்தார், பிறகு இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஏறி இன்ஜினுக்கு முகம் காட்டி நின்றார். சூசைமாணிக்கம் எமர்ஜென்சி பிரேக் போட்டார். நிறைசுமை வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டர் வேண்டும், அந்த மனிதர் நின்றதோ கால் கிலோமீட்டரில். மிச்சத்தை நான் சொல்லப் போவதில்லை.

'இடைவிடாமல் ஹாரன் ஒலிக்கப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதினார்கள். சூசைமாணிக்கமும், கூட இருந்த அசிஸ்டெண்ட் ஷாஜகானும் கையெழுத்துப் போட்டார்கள். யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. டிரைவர்களுக்கு இது புதிதா என்ன? இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றோ நாலோ இல்லாத டிரைவர் அந்தக் காலனியில் கிடையாது. இன்ஜினைக் கழுவுவார்கள், ஆள் தலைக்குக் குளிப்பார், அவரவர் சாமிக்கு ஒரு மெழுகுவர்த்தியோ ஒரு தேங்காயோ, மூன்றாம் நாள் டியூட்டி. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சூசைமாணிக்கமும் குளித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், மூன்றாம் நாள் இன்ஜினில் ஏறினார். ஹாரன் பக்கம் கை போகவில்லை. ஹாரன் அடிக்காத டிரைவரை வைத்துக்கொண்டு ரயில்வே என்ன செய்யும்? ஆபீசில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளில் ஆபீசும் போகவில்லை. கண்ணை மூடினால் வண்டி ஓட ஆரம்பித்துவிடும், நிற்காமல் ஓடும், அவர் படுக்கையில் வலது கையால் இல்லாத பிரேக்கை இழுத்து இழுத்து விடியும். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார் என்று நவமணி குக்கரைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், நவநாள் ஜெபம் வைத்தார்கள், தாயத்துகூடக் கட்டினார்கள், மாதா கோயில் சாமியாருக்குத் தெரியாமல். ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலை, கேட் கீப்பர் ராஜாமணி அவரை மணிக்கட்டில் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். "லைன்ல நின்னாருக்கா. சும்மா நின்னாரு. கதவைப் பூட்டி வைங்கக்கா," என்று சொல்லிவிட்டு, பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து வாசல் சாவி நவமணியின் தாலிச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது. இந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும். பழையபடி சிரிக்க வேண்டாம், சம்பாதிக்க வேண்டாம், உயிரோடு இருந்தால் போதும். அவள் சாமியிடம் கேட்டது அவ்வளவுதான்.

மலை ஆஸ்பத்திரியில் ஒரு புது வைத்தியம் பார்க்கிறார்கள், அரசாங்க அனுமதியோடு ஆராய்ச்சி, என்று யாரோ சொல்லித்தான் போனார்கள். டாக்டர் வைதேகி, ஒல்லியான அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். காளானிலிருந்து எடுத்த மருந்து என்றார்.

"காளானா? நாங்க குழம்பு வைக்கிற காளானா டாக்டரம்மா?"

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்."

"போதை அது இதுன்னு சொல்றாங்களே."

"வெளியில கண்டவன் கையில வாங்கித் தின்னா வினைதான்மா. இங்க நாலு தடவை உட்கார்ந்து பேசி, இதயம் ரத்தம் எல்லாம் பார்த்து, அன்னிக்குப் பூரா ரெண்டு பேர் பக்கத்துலயே இருப்போம். எல்லாருக்கும் ஒத்துக்காது. உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்குமான்னு பார்த்துட்டுத்தான் கொடுப்போம்."

அப்படியே நாலு தடவை பேசினார்கள், பார்த்தார்கள், கொடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் கண்ணைத் துணியால் கட்டி, காதில் பாட்டு வைத்து, ஒரு பக்கம் டாக்டரும் மறுபக்கம் நர்ஸ் ஸ்டெல்லாவும் உட்கார்ந்துகொண்டார்கள். நவமணி வெளியில் பெஞ்சில் ஜெபமாலை உருட்டினாள். உள்ளே ஒரு தடவை பெரிய அழுகை கேட்டது, ஒரு தடவை யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம், அப்புறம் வெகு நேரம் ஒன்றுமே இல்லை. மூன்று மணிக்கு அவர் வெளியே வந்தார், முகம் வீங்கியிருந்தது, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நின்னுடுச்சு நவம். மூணு வருஷமா ஓடின வண்டி நின்னுடுச்சு. முன்னால செவப்பு எரியுது."

அன்றைக்குத் தூங்கினார் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். கிளம்பும்போது டாக்டர் நவமணியைத் தனியாகக் கூப்பிட்டார். "பாதி வேலைதான்மா இங்க முடிஞ்சிருக்கு. மீதி வீட்டிலதான். அவர் பார்த்தது அவர் பின்னாலேயே வீட்டுக்கு வரும். துரத்தாதீங்க. இதுதான் அர்த்தம், அதுதான் அர்த்தம்னு நீங்களா விளக்கம் சொல்லாதீங்க. அதுக்கு ஒரு இடம் கொடுங்க, போதும்." பஸ்ஸில் வரும்போது சூசைமாணிக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "பின்னாடி ஒண்ணு வருது நவம்," என்றார். வீட்டுக்கு வந்ததும் நவமணி வாசலில் இருந்த துளசித் தொட்டியையும் உடைந்த நாற்காலியையும் தள்ளி வைத்து இடம் பண்ணினாள். மறுநாள் அது அந்த இடத்தில் முளைத்திருந்தது. அவள் ஏன் அலற வேண்டும்?

ஆனால் தெருவுக்குத்தான் சங்கடம். பால்காரர் பெருமாள்சாமி சைக்கிளில் வந்தவர் சிவப்பைப் பார்த்து ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் ரயில் கார்டு ஒருவரின் ஸ்கூட்டர், அதற்குப் பின்னால் கீரைக்காரம்மா, அவளுக்குப் பின்னால் ஒரு நாய். ரயில்வே காலனியில் பிறந்தவர்கள் எதைத் தாண்டினாலும் தாண்டுவார்கள், சுவர் தாண்டுவார்கள், பேச்சில் வரம்பு தாண்டுவார்கள், சிவப்பை மட்டும் தாண்ட மாட்டார்கள். அது ரத்தத்தில் ஊறினது, அவர்களோடு பழகின கீரைக்காரம்மாவுக்கும் நாய்க்கும்கூட ஊறிவிட்டது. எட்டரை மணிக்கு வரிசை தெருமுனை போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் போட்டார்கள், என் பலகையில் அப்படி ஒரு சிக்னலே இல்லை என்றார். சிக்னல் இன்ஸ்பெக்டர் பத்மநாபன் நாயர் டேப்போடு வந்து அளந்து பார்த்தார். ஒயர் இல்லை, நம்பர் இல்லை, தட்டினால் உள்ளே ஈரமாகச் சத்தம் வருகிறது. "வேரு உள்ளதொண்ணும் ஞங்ஙள்ட டிப்பார்ட்மெண்ட் அல்லா," வேர் உள்ளது எதுவும் எங்கள் இலாகா இல்லை என்று மலையாளத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் சிவப்புக்கு முன்னால் நின்றார், பாவம், அவரும் ரயில்வேதானே.

கடைசியில் ராஜாமணிதான் தீர்த்து வைத்தாள். டியூட்டி முடித்து வந்தவள் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு பேரு படிச்சிருக்கீங்க, மண்டையில ஏறலியா? தானா முளைச்சது, தானா எரியுது. அப்போ ஆட்டோமேட்டிக் சிக்னல். ஆட்டோமேட்டிக் சிக்னல் செவப்பா இருந்தா ரூல் என்ன? பகல்ல ஒரு நிமிஷம் நில்லு, ராத்திரின்னா ரெண்டு நிமிஷம் நில்லு, ஊது, ஊர்ந்து போ. இதுக்கா இத்தனை கூட்டம்?"

அட ஆமாம், என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒரு நிமிஷம் நின்றார்கள், பெருமாள்சாமி சைக்கிள் மணியை அடித்தார், பிள்ளைகள் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்கள், கீரைக்காரம்மா குலவையிட்டாள், நாய் குரைத்தது, நாயர் மூக்கைச் சிந்தினார், அதையும் ஊதலாக ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் ஊர்ந்து போனார்கள். அன்றிலிருந்து அதுதான் நாலாம் தெருவின் நடைமுறை. வெள்ளிக்கிழமை யாரோ கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை சாமியார் தீர்த்தம் தெளித்தார், கம்பம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. நவமணி அதன் ஏணியில் துணி காயப்போட்டாள், நிற்கிறவர்கள் குடிக்க ஒரு பானைத் தண்ணீர் வைத்தாள்.

முதல் வாரம் சூசைமாணிக்கம் ஒவ்வொரு ஊதலுக்கும் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் வாரம் ஒரு காதை. அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "பெருமாள்சாமி போறாரு... டீச்சர் போறாங்க..." என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் என்பதை லேசாக நினைத்துவிடாதீர்கள். சும்மா நின்று பாருங்கள், தெரியும். நிற்கிறவன் எங்கே பார்ப்பான்? ஜன்னலைப் பார்ப்பான். முதலில் தலையசைத்தார்கள், பிறகு சாப்பிட்டாச்சா என்றார்கள், பிறகு மழை வரும் போலிருக்கிறதே என்றார்கள். மூன்று வருஷமாக அந்த ஜன்னலைப் பார்க்காமல் போகப் பழகியிருந்த தெரு, ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாக அவரைப் பார்த்துக்கொண்டது.

பிறகு ஒருநாள் காலை மூன்றாம் தெரு டிரைவர் ராமையா வந்து நின்றார். ஒரு நிமிஷம் ஆனது, அவர் ஊதவில்லை. மூன்று நிமிஷம் ஆனது. பின்னால் நின்றவர்கள் சத்தம் போடவில்லை.

"எனக்கு நாலு பேரு, சூசை," என்றார் ராமையா ஜன்னலைப் பார்த்து. "நாலாவது ஒரு காலேஜ் பொண்ணு. என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

"என்ன கலர்ல இருந்துச்சு?" என்றார் சூசைமாணிக்கம்.

"தாவணியா? ஊதா."

"எனக்குக் கறுப்புக் குடை."

அவ்வளவுதான் பேச்சு. ராமையா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊதினார், ஊர்ந்தார். அதற்கப்புறம் வேறு தெரு டிரைவர்களும் வேலைமெனக்கெட்டு நாலாம் தெரு வழியாக வந்தார்கள். டிரைவர்கள் மட்டுமா? மருமகள் சரியில்லாத மாமியாரும், மாமியார் சரியில்லாத மருமகளும் வெவ்வேறு நேரத்தில் வந்து நின்றார்கள். பரீட்சையில் தோற்றவன் நின்றான். ஒரு நிமிஷ சிக்னலில் பத்து நிமிஷம் நிற்கிறவரை யாரும் இடித்துக்கொண்டு போகவில்லை. ரூலை மீறுகிறார்கள் என்று ராஜாமணிகூடச் சொல்லவில்லை.

இத்தனை பேர் நின்று போன அந்தச் சிவப்பை, சூசைமாணிக்கம் மட்டும் தாண்டவில்லை. வாசல்வரை வருவார், ஒரு நிமிஷம் நிற்பார், திரும்பிப் போய்விடுவார். ஊத வேண்டுமே! ஊதாமல் தாண்டக் கூடாது, அவரோ ஊத மாட்டார். இதைக் கண்டுகொண்ட அன்றைக்கு நவமணிக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. சிவப்பு எரிகிறவரை இவர் தெருவைத் தாண்ட மாட்டார், தெருவைத் தாண்டாதவர் தண்டவாளத்துக்குப் போக மாட்டார். அவள் தாலிச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மத்தியானம் கண்ணயர்ந்தாள்.

ஒருநாள் அவர் ஜன்னலோரம் உதட்டைக் குவித்துப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். சும்மா, காற்றைக்கூட விடாமல், குவித்து மட்டும் பார்க்கிறார். அடுப்படிக்கு ஓடினாள். ரவையை வறுத்தாள், சர்க்கரை போட்டாள், நெய்யைக் குறைத்தாள், பிடித்தால் உதிர்கிற மாதிரி உருண்டை பிடித்து அவர் கையில் கொடுத்தாள். ரவா உருண்டை தின்ற வாயால் யார் விசில் அடித்திருக்கிறார்கள்? மறுநாளும் குவித்தார், மறுநாளும் உருண்டை. அப்புறம் பொரிமாவு, சத்துமாவு, வறுகடலை. சூசைமாணிக்கம் மூன்று கிலோ கூடினார். அவருக்குத் தெரியாமல் இல்லை, கொடுத்ததைத் தின்றார், அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது மாதம் டாக்டர் வைதேகியே மலையிலிருந்து இறங்கி வந்தார். இவர் போக முடியவில்லையே, மீதிப் பேச்சு பேச வேண்டாமா? கார் சிவப்பில் நின்றது. வாரத்துக்கு ஒரு தடவை போனில் நவமணி எல்லாம் சொல்லியிருந்ததால் டாக்டர் ஆச்சரியப்படவில்லை, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணி, ஹாரன் அடித்து, ஊர்ந்து வந்து இறங்கினார். சூசைமாணிக்கத்தோடு இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு அடுப்படிக்கு வந்தார். நவமணி ரவை வறுத்துக்கொண்டிருந்தாள், கரண்டியை வைத்துவிட்டு உடைந்துபோனாள்.

"நான் பாவி டாக்டரம்மா. அவர் தேறிடக் கூடாதுன்னு இருக்கேன். தேறினா வெளிய போவாரு. வெளிய போனா..."

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். "நானா இருந்தாலும் மாவு கிளறியிருப்பேன்மா," என்றார். "சட்டியில கையை வச்சுக்கிட்டு எத்தனை வருஷம் நிப்பீங்க, அதை மட்டும் யோசிங்க." ஒரு உருண்டையைத் தின்று, தொண்டையில் மாட்டி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடக்கும்போது ஷாஜகான் எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும், நான் இத்தனை நேரம் சொல்லாமல் இருந்தேன். அன்றைக்கு இன்ஜினில் வலது பக்கம் உட்கார்ந்திருந்த அசிஸ்டெண்ட். வீடு நாலாம் தெருக் கடைசியில். மூன்று வருஷமாக அவன் அஞ்சாம் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறான். டியூட்டி பார்க்கிறான், சிரிக்கிறான், பிள்ளைக்குக் காது குத்தினான், நாலாம் தெரு வழியாக மட்டும் வர மாட்டான். கார்த்திகை மாதம் சாக்கடைக்குழாய் பதிக்கிறோம் என்று அஞ்சாம் தெருவை முனையிலிருந்து முனைவரை வெட்டிப் போட்டார்கள். வேறு வழி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, தோளில் பெட்டியோடு, ஷாஜகான் சிவப்புக்கு முன்னால் வந்து நின்றான், முகத்தை எதிர்ச்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

"ஷாஜி," என்றார் ஜன்னலிலிருந்து சூசைமாணிக்கம்.

"அண்ணே."

"குடையை மடக்கி வச்சாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்புறம் கையைத் தூக்கினாரு. சத்தம் போதும்ங்கிற மாதிரி. நான் ஹாரன்லேருந்து கையை எடுத்துட்டேன் ஷாஜி. விடாம அடிச்சேன்னு எழுதிக் கொடுத்தோமே, அது பொய். அடிச்சிருந்தா அவரு நகர்ந்திருப்பாரு."

பின்னால் பெருமாள்சாமி நின்றிருந்தார், டீச்சர் நின்றிருந்தார், இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் அசையவில்லை. உள்ளே அடுப்படியில் நவமணியின் கை ரவையோடு அப்படியே நின்றது. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கும் சொல்லாத வார்த்தை அது. ஷாஜகான் பெட்டியைக் கீழே வைத்தான். முகத்தைத் திருப்பினான், அவன் முகம் அழுதுகொண்டிருந்தது.

"என் பக்கமும் ஒரு ஹாரன் இருக்குல்லண்ணே. உங்க ஹாரன் நின்னது எனக்குக் கேட்டுச்சு. கேட்ட உடனே நான் அமுக்கியிருக்கணும். கை பக்கத்துலயே இருந்துச்சு. அமுக்கல. நானும்தான் கையெழுத்துப் போட்டேன். மூணு வருஷமா நீங்க சரியாத்தான் செஞ்சீங்க, நான்தான் செய்யலன்னு இருக்கேன்."

சூசைமாணிக்கம் எழுந்தார், ஆணியில் தொங்கின சாவியைக்கூடப் பார்க்கவில்லை, கதவு திறந்துதான் கிடந்தது, வாசலுக்கு வந்து ஷாஜகானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏண்டா தம்பி, நீ இதை எங்கடா வச்சிருந்த இத்தனை நாளா?" என்று அவனைக் கேட்டார். இரண்டு பேரும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்கள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ராமையாவும் வரிசையில்தான் நின்றிருந்தார், அவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அழுது முடித்துச் சூசைமாணிக்கம் சொன்னார், "அந்த ஊதல் பாதியில நிக்குது ஷாஜி. அதை முடிச்சு வைக்கணும்."

"எங்கண்ணே?"

"எங்க விட்டேனோ அங்கதான்."

அங்கே என்றால் எங்கே என்று நவமணிக்குத் தெரியாதா? வாசலுக்கு வந்தாள், கையில் உருண்டைத் தட்டு. "நானும் வர்றேன்," என்றாள்.

"நீ வந்தா உலையை யாரு வைப்பா?" என்றார் அவர். பழைய சூசைமாணிக்கம் பேசுகிற மாதிரியே இருந்தது, ஓரக் கண்ணில் கேலி.

ராஜாமணி கூட்டத்திலிருந்து, "அடுத்த வண்டிக்கு ஒண்ணரை மணி நேரம் இருக்குக்கா, நான் கொடியோட கூடவே போறேன்," என்றாள். நவமணி அவளைப் பார்த்தாள், ஷாஜகானைப் பார்த்தாள், தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். உள்ளே போனாள். தட்டை வைத்துவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க," என்றாள். "வாய் காஞ்சிருக்கும்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே சொம்பு முழுவதையும் குடித்தார். பிறகு வாசலில் இறங்கிச் சிவப்புக்கு நேராக நின்றார். வலது பக்கம் ஷாஜகான் நின்று, இன்ஜினில் நிற்கிற மாதிரியே கையை நீட்டி, "சிவப்பு!" என்று உரக்கச் சொன்னான். "சிவப்பு!" என்று சூசைமாணிக்கம் திருப்பிச் சொன்னார். தெரு மொத்தமும் மனதுக்குள் அறுபது எண்ணியது. அவர் உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. மறுபடி குவித்தார், மறுபடி காற்று. மூன்றாவது தடவை ஒரு சின்னச் சத்தம், குருவிக் குஞ்சு கத்துகிற மாதிரி, கேட்டும் கேட்காமலும் வந்தது. ரூலில் இவ்வளவு சத்தம் என்று அளவு ஒன்றும் இல்லை. அவர் சிவப்பைத் தாண்டினார், ஷாஜகான் தாண்டினான், கொடியோடு ராஜாமணி தாண்டினாள், மூன்று பேரும் தெற்கே ஊர்ந்து போனார்கள்.

தெருவில் வேறு யாரும் அசையவில்லை. நவமணி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்துத் தெற்கிலிருந்து அது வந்தது. ஒரே ஊதல், மனுஷ வாயிலிருந்து வருகிற ஊதல் இல்லை, நிறைசுமை இன்ஜினின் ஊதல், காலனியின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, நாய் எழுந்து உட்கார்ந்தது, அது நிற்காமல், விடாமல், ஒரு ஆள் குடையை மடக்கி உதறிப் படுக்கவைத்து நடந்து போய்ச் சேருகிற நேரம்வரைக்கும், அதற்கு மேலும், யார் கையைத் தூக்கினாலும் நிற்காது என்கிற மாதிரி ஒலித்துக்கொண்டே இருந்தது. தெருவில் ஆம்பிளைகள் தொப்பியையும் தலைத்துண்டையும் கழற்றினார்கள். பிறகு நின்றது.

நின்ற பிறகு ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் ஆனது, அரை மணி நேரம் ஆனது. வானம் மூடிக்கொண்டு தூறல் விழுந்தது. நவமணி பயந்தாள். ஜெபம் வரவில்லை, அழுகை வரவில்லை, வெறும் பயம். தண்ணீரைக் கொடுத்தது நான், தண்ணீரைக் கொடுத்தது நான், என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமாள்சாமி தன் தலைத்துண்டைப் பிழிந்து அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது வளைவிலிருந்து வந்தது. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டையின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

நவமணி வீட்டுக்குள் ஓடினாள். "அம்மா, மஞ்சள்! மஞ்சளாயிடுச்சும்மா!" என்று பெருமாள்சாமி பின்னால் கத்தினார், தெரு முழுக்கக் குலவையும் விசிலும் மணியும் கிளம்பின. அவளுக்குத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. பச்சை இல்லையா என்று கேட்கவும் இல்லை. டிரைவர் பெண்டாட்டிக்குத் தெரியும், மஞ்சள் என்றால் மெதுவாகப் போகலாம், அடுத்ததில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும், அது போதும். பரணில் இருந்த குக்கரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "நீ இரு, நாளைக்குப் பார்ப்போம்," என்று அதனிடம் சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, பெரிய பானையில் உலை ஏற்றினாள். இரண்டு ஆழாக்கு அரிசி அள்ளினாள். ஷாஜகானும் ராஜாமணியும் சாப்பிட உட்காருவார்களே என்று இன்னும் இரண்டு ஆழாக்கு சேர்த்துப் போட்டுக் களைந்தாள்.